முகம் பொருந்தவில்லை

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

ஆபீஸ் வாசலில் இருந்த அட்டெண்டன்ஸ் மிஷின் மறுபடியும் அதையே சொன்னது. குரலில் மட்டும் குழைவுக்குக் குறைச்சல் இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முடியை ஒதுக்கினாள். சிரித்துப் பார்த்தாள். முறைத்தும் பார்த்தாயிற்று. சனியன் மசியவில்லை.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அரை நாள் லீவு போனால் போகட்டும். மானம் போகாமல் இருந்தால் சரி. சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லித்தான் ஒரு மாதம் லீவு போட்டிருந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்று போன் போட்டு எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தாள். இத்தனை ஏற்பாட்டையும் இந்தத் தகர டப்பா நட்டநடு வாசலில் போட்டு உடைக்கப் பார்க்கிறதே!

செக்யூரிட்டி வந்து எட்டிப் பார்த்தார். பழைய முகத்தோடு வந்தால்தான் விடும்போல மேடம் என்று தமாஷ் பண்ணினார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா?

எதிர்ப்பக்கம் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரின் விளம்பர போர்டு. 'உங்கள் உண்மையான முகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.' பக்கத்தில் ஒருத்தி கூரான மூக்கோடு சிரித்தாள். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் முகத்தில்தான் விழித்தாக வேண்டும்.

இவளுக்கு வீட்டில் வைத்த பேர் சப்பைமூக்கி. வருகிறவர்கள் எல்லாம் தங்கையைப் பார்த்து, மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்பார்கள். இவளிடம் திரும்பி, நல்லா படிக்கிறியாம்மா என்பார்கள்.

அதற்காக போர்டுக்காரியைப் பார்த்து ஏமாற இவள் ஒன்றும் இளிச்சவாய் இல்லை. அதெல்லாம் கம்ப்யூட்டரில் இழைத்த முகம் என்று இவளுக்குத் தெரியாதா? போனது அந்த டாக்டரிடம்தான். ஆனால் இவள் கொண்டுபோனது ரத்தமும் சதையுமான ஒருத்தியின் போட்டோ. அதைப் பார்த்து டாக்டர் தனக்குள் சிரித்துக்கொண்டார். எதற்குச் சிரித்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

"மூஞ்சியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கக்கா."

பின்னால் நின்ற ரிசப்ஷன் பெண்தான் சொன்னாள். அவளுக்கென்ன, கடவுள் கொடுத்த முகம். யாராவது புகழ்ந்தால், எங்கம்மா ஜாடை என்பாள். அவளோடு போட்டோவுக்கு நிற்க நேர்ந்தால் இவள் ஓரமாக நகர்ந்துகொள்வாள்.

இவள் முகத்தைத் திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா.

திரையில் ஒரு போட்டோ வந்தது. இவளுடையது இல்லை. கீழே 'ரிசப்ஷன்' என்று போட்டிருந்தது.

இவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நழுவப் பார்த்தாள். அதற்குள் ரிசப்ஷன் பெண் மிஷின் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றது மிஷின்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு இவள் மூக்கைப் பார்த்தாள். மோவாயைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போனது.

இவள் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். எதிரே இருந்த போர்டைக் கண்ணால் காட்டினாள்.

"நான் அந்த டாக்டர்கிட்ட அவளைத்தான் காட்டினேன். நீங்க யார் போட்டோவைக் காட்டினீங்கக்கா?"

இவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே போனில் அந்தப் போட்டோ இன்னும் இருந்தது. போன வருஷம் ஆபீஸ் பிக்னிக்கில் எடுத்தது. எல்லோரையும் வெட்டிவிட்டு, ரிசப்ஷன் பெண்ணின் முகத்தை மட்டும் வைத்திருந்தாள்.