லூசியம்மாளின் தட்டு

“லூசியம்மா தட்டுல வச்சிருக்கிற கண்ணு யாருக்கும்மா?” என்று கோயில் ஓவியத்திலிருந்த புனித லூசியைக் காட்டி மகள் ஒருமுறை கேட்டபோது, எமரன்சியா தன் வலக்கண் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கண்ணின் பார்வையே, இறந்துபோன யாரோ ஒருவர் தானமாகத் தந்துவிட்டுப் போனதுதான்.

நகை செய்யும் எமரன்சியா, அந்தப் பழைய ஓவியத்தைப் பார்த்து அதே புனிதையை வெள்ளிப் பதக்கமாகச் செய்திருந்தாள். பதக்கம் கேட்டிருந்த மணப்பெண் முகம் சுளித்தாள்.

“கழுத்துல ரெண்டு கண்ணு முழிச்சிட்டுக் கெடந்தா மாப்பிள்ளை ஓடிருவாருக்கா! தட்டுல பூ வச்சுக் குடுங்க.”

எமரன்சியா சிரித்துக்கொண்டே பூ வைத்து வேறொன்று செய்து கொடுத்தாள். முதல் பதக்கத்தை உருக்க மனம் வரவில்லை.

கல்லறைத் திருநாள் கூட்டம் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போனாள். யாரும் மெழுகுவர்த்தி ஏற்றாத ஒரு மேட்டில் புல்லைப் பிடுங்கி, பதக்கத்தை மண்ணுக்குள் வைத்து மூடி, ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். கண் தந்தவர் இந்த ஊர்க்காரரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இன்னொரு திரியை எடுத்துக்கொண்டு, வெளிச்சமில்லாத அடுத்த மேட்டுக்கு நகர்ந்தாள்.