வெறும் தோள்

பாரிஸில், ஆவணக் காப்பகம் கேட்டிருந்த நினைவுக்குறிப்புகளை முன்னாள் ரஷ்ய ஜார் படைக் கர்னல் அர்சேனி சொல்லச் சொல்ல, மனைவி லிதியா தட்டச்சு செய்தாள்.

"ரயில் நிலையத்தில் தோள்சின்னம் அணிந்த அதிகாரிகளையெல்லாம் புரட்சிப்படை சுட்டது. என் மகன் ஒலெக் அதைக் கழற்ற மறுத்து உயிர்விட்டான்."

அவள் விரல்கள் நின்றன. "அவனா மறுத்தான்? உங்க சின்னத்தை நான் வெட்டி எடுத்ததும், தன்னோடதையும் வெட்டச் சொல்லி அவனும் கோட்டைக் கழற்றி என்கிட்ட நீட்டினான். 'கோழைப் பயலே, அதை அப்படியே மாட்டிக்கிட்டு வா'ன்னு கத்தினது யாரு?"

"பேசாம டைப் பண்ணு."

பண்ணினாள். அவர் குனிந்து படித்தார்: 'அவனைத் தடுத்தபோது என் தோள் வெறுமையாக இருந்தது.'

"இதை நான் சொல்லலையே!"

"நீங்க சொல்ல மாட்டீங்க," என்று தட்டச்சுப்பொறியின் உருளையை ஓங்கித் தள்ளி அடுத்த வரிக்குப் போனாள்.