எண்ணூறு வாட் ஹெட்

அந்த ஆம்ப்ளிஃபயர் ஹெட்டை இதுவரை மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். மூன்று பேருமே ஒரு வாரத்துக்குள் திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சரியாக நாற்பது நிமிடம் பிரமாதமாக உறுமும். அப்புறம் சூடேறித் தானாகவே அணைந்துபோகும்.

இதற்கெல்லாம் மனம் தளர்கிற ஆள் இல்லை இசைக்கருவிக் கடைக்காரர். குமிழ்களை மாற்றினார், முகப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கினார், 'புது வரவு' என்று அட்டை எழுதி ஒட்டினார். நேர்மை என்பது அவரைப் பொறுத்தவரை வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டிய குணம்.

"இன்னைக்கு அந்தச் சனியன் கடையை விட்டுப் போகணும். இல்லேன்னா நாளையிலேருந்து நானே வந்து கல்லாவுல உக்காந்துடுவேன்" என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள். மனிதர் அதில்தான் ஆடிப்போயிருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு தாடிக்காரர் தோளில் பேஸ் கிதாரோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, எங்க குழு வாசிக்கிறது ரொம்பக் கனமான பாட்டு. சத்தம் காதுல கேட்டா பத்தாது, வயித்துல வந்து இடிக்கணும். ஸ்பீக்கர் பெட்டி எங்ககிட்ட இருக்கு. மேல வைக்கிற ஹெட் மட்டும் வேணும்."

முகத்தில் அப்பாவிக் களை சொட்டியது. கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் நேரே சனியனிடம் போய்விடவில்லை. முதலில் ஒரு முந்நூறு வாட் ஹெட்டை இணைத்தார். தாடிக்காரர் தடித்த கம்பியை மீட்ட, கண்ணாடி அலமாரி லேசாக நடுங்கியது.

"அடிச் சத்தம் பத்தலையேண்ணே."

"எப்படிப் பத்தும் தம்பி? தாழ்ந்த சுரத்துக்குத்தான் வாட் நிறைய வேணும். டிரம்ஸுக்குப் பக்கத்துல இது வாயையே திறக்காது." அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

அப்போது பின்சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது.

"யாருண்ணே அது?"

"பின்னாடி நகைக்கடை. வாசல் அடுத்த தெருவுல, சுவர் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. நான் ஒரு கம்பியைத் தொட்டா அந்த ஆளுக்குப் பொறுக்காது. அஞ்சு வருஷமா சுவரைத் தட்டுறதே பொழைப்பு."

"பாவம், குறைச்சுக்கலாமாண்ணே?"

"எதுக்கு? என் கடை, என் கரண்ட்!" என்றவர், குமிழைப் பிடித்து நன்றாகவே திருகிவிட்டார்.

அடுத்து ஐந்நூறு வாட். பாட்டு நிற்கும்போதெல்லாம் சுவர் தட்டப்பட்டது. தட்டப்பட்டபோதெல்லாம் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். ஐந்து வருடக் கடுப்பை ஒரே நாளில் தீர்த்துக்கொள்வதில் ஒரு தனிச் சுகம் இருந்தது. தாடிக்காரரோ ஒவ்வொரு தடவையும் சங்கடமாகச் சுவரைப் பார்த்தார். இவ்வளவு இளகிய மனசு உள்ளவனை ஏமாற்றாமல் விட்டால் அது தொழிலுக்கே துரோகம் என்று கடைக்காரருக்குத் தோன்றியது.

பன்னிரண்டு இருபதுக்குச் சனியன் மேடை ஏறியது.

"எண்ணூறு வாட் தம்பி. நேத்துதான் வந்து இறங்குச்சு. இன்னும் யார் கையும் படல."

கூரையிலிருந்து தூசு கொட்டியது. தாடிக்காரர் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கடைக்காரர் கண்ணைக் கடிகாரத்தை விட்டு எடுக்கவில்லை. இருபது நிமிடம். முப்பது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அவருக்குச் சூடேறியது.

"போதும் தம்பி, விரல் வலிக்கப் போவுது."

"இருக்கட்டும்ணே. பொருளை வாங்குறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துடணும்ல?"

முப்பத்தைந்து. முப்பத்தேழு. பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கூட யோசித்தார். முப்பத்தெட்டாவது நிமிடம் தாடிக்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"இதையே எடுத்துக்கறேண்ணே."

பேரம் பேசவில்லை. பில் கூடக் கேட்கவில்லை. பில் இல்லையென்றால் வாரன்ட்டியும் இல்லை என்பதால் கடைக்காரரும் ஞாபகப்படுத்தவில்லை. பெட்டியைத் தானே சுமந்துபோய் வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும் வரை கையாட்டினார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றதும் அவருக்கு உயிரே போய்விட்டது. சனியன் அணைந்துவிட்டது, தாடிக்காரன் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்!

"நேத்து பதினோரு மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் இங்க பயங்கர சத்தமாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

போன உயிர் திரும்பி வந்தது. சத்தம்தானா? அப்பாடா!

"நகைக்கடைக்காரர் புகார் குடுத்தாராக்கும்?"

"சத்தம் வச்சது நீங்கதானா?"

"நானேதான் சார். அவர் ஆறு தடவை சுவரைத் தட்டினார். ஆறு தடவையும் வேணும்னே கூட்டி வச்சேன். எழுதிக்குங்க. இதுக்கு என்ன, தூக்குலயா போடப்போறீங்க?"

இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு காகிதத்தை நீட்டினார். கடைக்காரர் அதன் அடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"நகைக்கடைக்காரர் கடையைப் பூட்டிட்டு வெளியூர் போய் மூணு நாளாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர், காகிதத்தை மடித்தபடி.

சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டகத்தை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டும் என்று கேட்டுத் தட்டிய ஆறு தடவையும், கடைக்காரர் கஞ்சத்தனம் பார்க்காமல் கொடுத்திருந்தார்.