பதினேழாம் அத்தியாயம்

வாடகை நூலகத்தில் ஒரு விஞ்ஞான நாவல் இருந்தது. அதற்குள் ஒரு ராமபாணப் பூச்சி குடியிருந்தது. நாவல் படமாக வந்தபோது ஒரு வாசகர் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார். பூச்சியும் எட்டிப் பார்த்தது.

திரும்பியதும் அதற்கு ஆத்திரம் தாங்கவில்லை. “செவ்வாய்ல இறங்குற அத்தியாயத்தையே காணோம். அந்த இடத்துல ஊட்டியில டூயட் ஆடுறாங்க. அந்த டைரக்டர் புத்தகத்தைப் படிச்சானா இல்லையா?”

“வரி விடாமப் படிச்சார். இங்கேருந்து என்னைத்தான் எடுத்துட்டுப் போனார்,” என்றது நாவல்.

“அப்புறம் அந்த அத்தியாயம் எங்கே போச்சு?”

நாவல் மெல்ல விரிந்து காட்டியது. பதினேழாம் அத்தியாயம் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை.

பூச்சி மீசையைத் துடைத்துக்கொண்டது. “அதைத்தானே நானும் சொல்றேன். இருக்கறதுலயே ருசியான அத்தியாயம் அது.”