உதட்டசைவு

“இது நான் எழுதின வசனமே இல்ல, எர்சிலியா” என்றார் இயக்குநர் ஒத்தாவியோ.

ரோம் நகரத்து டப்பிங் அறையின் திரையில், கதாநாயகி நிவெஸ் கேமராவைப் பார்த்துச் சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது. குரலெல்லாம் இங்கேதான் சேரும். பதினொரு வருடங்களாக அவருடைய கதாநாயகிகள் அத்தனை பேருக்கும் குரல் எர்சிலியாதான்.

“கேமராவுக்குப் பக்கத்துல நான்தான் நின்னேன். என்னைப் பார்த்துத்தான் சொல்றா. ஒன்பது படமா, ஒவ்வொரு ஹீரோயின்கிட்டயும் இதைத்தான் தேடிட்டிருந்தேன்.” சட்டைப்பையிலிருந்து மோதிரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். “உனக்குத்தான் உதடு படிக்கத் தெரியுமே. என்ன சொல்றா?”

“வேண்டாம் மாஸ்ட்ரோ, விட்டுடுங்க.”

“பரவாயில்ல, சொல்லும்மா.”

எர்சிலியா மைக்கை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “நான் உங்களைக் காதலிக்கிறேன்.”

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உதட்டோட பொருந்தலையே.”

“பொருந்தாது. அது நான் சொன்னது.”

“நான் கேட்டது அவ சொன்னதை.”

எர்சிலியா மைக்கை மறுபடி போட்டாள். “முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு. வசனம் மறந்துபோனா நம்பரை எண்ணிட்டே இரு, டப்பிங்ல பார்த்துக்கலாம்னு நீங்கதானே அவகிட்ட சொன்னீங்க.”

ஒத்தாவியோ அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மோதிரப் பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஆமா” என்றார். “முப்பத்திரெண்டு கச்சிதமாப் பொருந்துது.”