இரண்டு தட்டு

வேலைவெட்டி இல்லாத ஞாயிறுகளில் நானும் தம்பியும் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினோம். அதன் மைய நிரலான கர்னலுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. கீபோர்டில் தட்டுவதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான்.

தம்பி யோசிக்கும்போது ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டு தட்டுவான். கர்சர் இரண்டு இடம் தள்ளி நின்று மினுக்கும். சத்தம் கேட்டதும் அம்மா, "புள்ள யோசிக்குது" என்று கூடத்தில் டிவியைக் குறைப்பாள்.

அவன் இறந்த பிறகு டிவி அலறிக்கொண்டே இருக்கிறது. வீடு அமைதியானால் அம்மாவுக்குத் தாங்காது.

நேற்று மதியம் அந்தக் கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாமென்று ஓட்டிப் பார்த்தேன். கீபோர்டை எப்போதோ கழற்றி வைத்தாயிற்று. கர்சர் கொஞ்சம் மினுக்கிவிட்டு இரண்டு இடம் நகர்ந்தது.

எரிச்சலோடு, கீபோர்டைப் படிக்கும் நிரலையே என் லேப்டாப்பில் வைத்துக் கர்னலிலிருந்து அழித்துவிட்டு, அதை ஏற்றி மறுபடி ஓட்டினேன். மறுபடியும் இரண்டு இடம்.

துவைத்த துணியோடு வந்த அம்மா, "என்னடா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. கர்சர் தானா ரெண்டு இடம் நகருது."

திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு துணியோடு போனாள்.

கூடத்தில் டிவி சத்தம் குறைந்தது.