தேறாத சுருள்கள்

பாக்கியசீலன் அண்ணாச்சியின் வாய்ச்சொல்லுக்கு விலை எண்பது ரூபாய்.

அவர் கடையில் "தேறிட்டு" என்றால் ரேடியோவுக்கான கம்பிச் சுருள் ஒன்றுக்கு நூற்றிருபது. "தேறலை" என்றால் பழைய செம்பு விலைக்கு நாற்பது. அது வேண்டாமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பாளையங்கோட்டையில் அந்தச் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை.

சீவலப்பேரியிலிருந்து டார்லின் வந்திருந்தாள், புருஷன் ஜெய்சன் சுற்றிய சுருள்களோடு. இன்றைக்கும் தேறாவிட்டால் தொழிலுக்கே முழுக்கு என்று அவன் சொல்லியிருந்தான்.

அண்ணாச்சி ஒரு சுருளை மீட்டரில் பொருத்தி, இடது கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் குமிழைத் திருகினார். வாங்கிய மின்சாரத்தைச் சுருள் வீணடிக்காமல் வைத்திருக்கும் சாமர்த்தியத்துக்கு ஓர் எண் உண்டு. ‘கியூ’ என்பார்கள். குறைந்தது இருநூறு வேண்டும்.

முள் நூற்றறுபதில் நின்றது.

"தேறலையேம்மா. இந்த வருஷம் ஒருத்தன் சரக்கும் உருப்படி இல்லை. கம்பி கெட்டுப்போச்சா, கை கெட்டுப்போச்சான்னு தெரியலை."

சொல்லிக்கொண்டே, இடது மணிக்கட்டில் கிடந்த தங்கக் காப்பை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு மகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஆறு பவுன்.

முள் மேலே ஒரு துள்ளு துள்ளியது. அவர் கண் காப்பில் இருந்தது. அவள் கண் முள்ளில் இருந்தது.

"அண்ணாச்சி, அந்தக் காப்பைக் கழட்டிட்டு அளந்து பாருங்க."

"என்னைத் திருடன்னு சொல்லுதியா?"

"உங்களைச் சொல்லலை. உங்க மவன் வாங்கித் தந்த நகையைச் சொல்லுதேன். பக்கத்துல தங்கம் கிடந்தா சுருள் அதுக்கும் பங்கு குடுக்குதுல்லா."

கழற்றினார். இருநூற்றிருபது. மாட்டினார். நூற்றறுபது. மறுபடி கழற்றினார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னையே பேரத்தில் மடக்கிய ஆளைப் பார்க்கிற வியாபாரியின் மரியாதையோடு அவளைப் பார்த்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ. ஆமா, இவ்வளவு சுத்தமாச் சுத்துதவன் போன தடவை ஏன் அப்படிச் சொதப்பினான்?"

"இது போன தடவை நீங்க திருப்பிவிட்ட பெட்டிதான் அண்ணாச்சி."

காப்பு மேசையில் கிடந்தது. அண்ணாச்சி விரல் மடக்கத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் திருப்பிவிட்ட சுருள்கள்: ஜெய்சன் நாற்பது. நாங்குநேரி அலி அஸ்கர் அறுபது. ராதாபுரம் பூதத்தான் நூறு.

ஜெய்சனுக்கு இப்போதே தீர்த்துவிடலாம். அலி அஸ்கருக்கு ஒரு போன் போதும்.

பூதத்தான் மாசியிலேயே கம்பியையெல்லாம் பழைய கடையில் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். போன் நம்பரும் மாறிவிட்டது.

பாக்கி, நூறு.